மீட்டர் மாப்பிள்ளையும் கண் திறக்காத காரும்

என் மாப்பிள்ளை யார் சொன்னாலும் நம்ப மாட்டார். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் வீட்டுக்காரர். கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியன். மணி என்ன என்று நம்மிடம் கேட்பார். நாம் சொன்னதும் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அப்புறம் என்னத்துக்குக் கேட்க வேண்டும்? மழை பெய்கிறது என்று சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். இடுப்பில் எப்போதும் ஒரு மஞ்சள் மீட்டர் தொங்கும், கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற கருவி. அதனால் தெருவில் அவருக்குப் பெயரே மீட்டர்தான்.

"உப்பு போட்டாச்சுன்னு சொன்னா நம்ப மாட்டார், அண்ணா. கரண்டியை வாங்கி நாக்குல வெச்சுப் பாத்தாத்தான் ஆச்சு. கல்யாணத்தன்னிக்கு நான்தான் பொண்ணுன்னு எப்படி நம்பினாருன்னே தெரியலை" என்பாள் என் தங்கை.

நானும் அவரும் ஒரே கொட்டகையில்தான் தொழில் செய்கிறோம். முன்பாதி அவருக்கு. பின்பாதி எனக்கு, நான் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். நடுவில் ஒரு நீலத் தார்ப்பாய் தொங்கும். அது இல்லாவிட்டால் அவர் பக்கத்துத் தூசியெல்லாம் என் ஈரப் பெயின்டில் வந்து குடியேறிவிடும். பதினாறு வருடமாக அந்தத் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு அவர் என் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அங்கிருந்தே கத்துவார். நான் இங்கிருந்தே கத்துவேன். பெயின்ட் வாடை அவருக்கு ஆகாது என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி எதையும் சோதித்துப் பார்க்காமல் தொடாத மனுஷன், நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு காரை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். ஓடாத கார். பூட்டிக் கிடந்த ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், காலி டப்பாக்களுக்கு நடுவில் கிடந்தது. சீட்டுக்குள் எலிக்குடும்பம். ஐந்து டப்பா துரு வாங்கிக் காருக்குப் பூசியது போல் இருந்தது.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்க. நாளைக்குக் குடையுது குத்துதுன்னு எங்கிட்ட வரக்கூடாது" என்று தங்கை அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

 ஆனால் எனக்கு அவர் முகம் தெரிந்தது. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் கார்களுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தவர். சொந்தமாக இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டர். மழை வந்தால் தங்கை பின்னால் உட்கார்ந்து அவர் தலைக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு வருவாள். ஒரே ஒரு நாளாவது அவளைப் பக்கத்து சீட்டில், நனையாமல் உட்கார வைத்து ஓட்ட வேண்டும் என்று அவருக்கு இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் காரில் முதன்முதலில் அவர் சரிசெய்தது என்ஜினை அல்ல, இடப்பக்கத்து ஜன்னல் கண்ணாடியை. அது போதாதா புரிந்துகொள்ள?

அந்தக் காருக்கு ஒரு விசேஷம் உண்டு. முகப்பு விளக்குகள் வெளியே தெரியாது. இரண்டு மூடிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சுவிட்சைப் போட்டால், மூடிக்கு ஒன்றாக இரண்டு சின்ன மோட்டார்கள் சுற்றி மூடிகளை மேலே தூக்கும். விளக்கு வெளியே வரும். அணைத்தால் மூடிக்கொள்ளும். அந்தக் காலத்தில் எவனோ ஒரு புத்திசாலி, கார் தூங்கி எழுந்திருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று செய்துவைத்தது. எவன் என்று தெரிந்தால் நேரில் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவேன்.

மூன்று வருடம் பாடுபட்டு மாப்பிள்ளை என்ஜினை எழுப்பினார். நான் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். கரும்பச்சை. ஏழு பூச்சு. ஒவ்வொரு பூச்சையும் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி தேய்த்து. முன்பக்கத்தை முழுக்கக் கழற்றி அடித்துவிட்டு, நானே திரும்பப் பூட்டிக் கொடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அதில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம்.

பழைய காரைச் சாலையில் ஓட்ட வேண்டுமானால் வாகனச் சோதனையில் தேற வேண்டும். மூன்று தடவைதான் வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் காகிதங்களை ரத்து செய்துவிடுவார்கள். வண்டி நேராக இரும்புக் கிடங்குக்குப் போய் அப்பளம் போல் நசுங்கும். முதல் தடவை பிரேக் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, நியாயம். இரண்டாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் இன்ஸ்பெக்டர் அம்மா விளக்கைப் போடச் சொன்னார். மூடிகள் கால்வாசி எழுந்தன, நின்றன, நடுங்கின. அவ்வளவுதான். அந்த அம்மா அட்டையில் ஒரு கோடு போட்டுவிட்டு, "இன்னும் ஒரு தடவைதாங்க இருக்கு" என்றார்.

மூன்றாவது தடவைக்குப் பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் நான் பட்ட பாடு இருக்கிறதே!

முதல் நாள் மோட்டார்களைக் கழற்றி மேஜைமேல் வைத்து நேராகப் பேட்டரியில் தொட்டார். காற்றாடி போல் சுற்றின. திரும்ப மாட்டினார். மூடி கால்வாசி எழுந்து நின்றது. இரண்டாம் நாள், மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலேயை மாற்றினார். டிக் டிக் என்று அது சமர்த்தாகச் சத்தம் போட்டது; மூடி எழவில்லை. மூன்றாம் நாள் சுவிட்ச். நாலாம் நாள், சுவிட்சிலிருந்து மோட்டார்வரை கரண்டைக் கொண்டுபோகிற ஒயர் அத்தனையையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டார். ஒவ்வொரு தடவையும் மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் தலையில் மாட்டி, சிவப்பு முனையால் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போவார். எங்கே தொட்டாலும் பன்னிரண்டு வோல்ட்.

"பன்னெண்டு காட்டுது மச்சான்! மோட்டார் வாசல்வரைக்கும் பன்னெண்டு வந்து நிக்குது. உள்ள போய் வேலை செய்ய என்ன கேடு?"

"என்னைக் கேட்டா? நான் பெயின்ட்காரன்" என்றேன்.

"உங்களைக் கேக்கலை. அதைக் கேக்கறேன்."



வேலை செய்யவே செய்யாது என்றாலாவது தலைமுழுகிவிடலாம். ஐந்தாம் நாள் காலையில் சுவிட்சைப் போட்டார். இரண்டு மூடியும் ராஜமரியாதையோடு எழுந்தன. அணைத்தார், மூடின. மூன்று தடவை செய்து பார்த்தார். மூன்று தடவையும் சரி. வீட்டுக்கு ஓடிப் போய்த் தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து காருக்கு முன்னால் நின்றாள். சுவிட்சைப் போட்டார். இடதுபக்க மூடி மட்டும் கொஞ்சம் எழுந்து விழுந்தது.

"என்னைப் பாத்துக் கண்ணடிக்குதுங்க" என்று சிரித்தாள் அவள்.

நானும் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவும் இல்லை. தட்டில் வைத்ததைப் பார்த்துக்கொண்டே, "மூணு தடவை திறந்துச்சு" என்றார். "நான் நம்பறேங்க" என்றாள் தங்கை. நம்புவது என்றால் என்ன என்றே தெரியாத மனுஷனிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

இதற்கு நடுவில் எனக்குத் தனி வயிற்றெரிச்சல். குனிந்து குனிந்து வேலை செய்ததில் அவருடைய பெல்ட் பக்கிள் என் கரும்பச்சைமேல் ஒரு கீறல் போட்டுவிட்டது. விரல் நீளம். எனக்கு என் முதுகிலேயே கீறினது போல் இருந்தது. "ஏழு பூச்சு, மாப்ள, ஏழு பூச்சு!" என்று கத்தினேன். "வண்டியே கிடங்குக்குப் போகப் போகுது, கீறல் என்ன கீறல்?" என்று அவர் கத்தினார். அதற்குப் பிறகு ஒரு போர்வையைக் கொண்டுவந்து என்ஜின் மூடியின்மேல் போட்டுவைத்தேன். அவர் அதைத் தூக்கி எறிந்தார். நான் மறுபடி போட்டேன். இரண்டு பெரிய ஆண்பிள்ளைகள் செய்கிற வேலையா இது?

ஏழாம் நாள், எதிர்க்கடை பேட்டரிக்காரர் டீ தம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"எர்த்து பாத்தியா மீட்டரு?" என்றார்.

எர்த்து என்றால், மோட்டாருக்குள் போன கரண்ட் வேலையை முடித்துவிட்டுக் காரின் இரும்பு உடம்பு வழியாகத் திரும்புகிற வழி. கறுப்பு ஒயரை ஒரு போல்ட்டால் வெறும் இரும்போடு இறுக்கியிருப்பார்கள். மாப்பிள்ளையிடம் எந்தக் கார் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார். "வண்டியில பாதி வியாதி எர்த்துதான்" என்று தூக்கத்தில்கூடச் சொல்வார். அவரிடம் போய் இந்தக் கேள்வி!

"எங்கிட்டயா கேக்கறீங்க?" மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "பேட்டரி எர்த்து பாத்தாச்சு, என்ஜின் எர்த்து பாத்தாச்சு. விளக்குக்குக் கீழே இருக்கறது பெயின்ட் அடிக்கறப்பவே கேட்டு முடிச்சாச்சு. டீயைக் குடிச்சுட்டுக் கிளம்புங்க."

பேட்டரிக்காரர் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். நானும் தோளைக் குலுக்கினேன். இந்த ஆளிடம் யார் பேசுவது என்ற அர்த்தத்தில்தான் குலுக்கினேன். கடவுளே, அப்படித்தான் குலுக்கினேன்.

ஒன்பதாம் நாள் நான் ஒரு யோசனை சொன்னேன். அந்த மோட்டாரின் தலையில் ஒரு சின்னத் திருகு உண்டு. மோட்டார் மக்கர் செய்தால் கையால் சுற்றி மூடியைத் தூக்கிக்கொள்ளலாம்.

"கையால தூக்கி வெச்சுட்டே சோதனைக்குப் போயிடலாமே. திறந்திருந்தா அந்த அம்மா என்ன கேக்கப் போறாங்க?"

"அணைச்சுட்டுப் போடச் சொல்லுவாங்க."

"சொல்லாம விட்டா?"

"விட்டா மட்டும்? ஒழுங்கா வேலை செய்யாததை வேலை செய்யுதுன்னு நான் காட்டணுமா?" என்றவர் ஸ்பானரை வாளிக்குள் போட்டார். "அது பொய் மச்சான். அந்தப் பொய்யோட அவளை உக்கார வெச்சு ஓட்டிட்டுப் போகணுமா? நாளைக்கு ஒரு மழையில, இருட்டுல, இது கண்ணை மூடிக்கிட்டா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நல்லது சொன்னாலும் குற்றமா? "அப்ப கிடங்குக்கே அனுப்பு!" என்றேன். வழக்கமாக அவரை வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். அன்றைக்கு மரியாதை கழன்று விழுந்துவிட்டது. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. குனிந்து மறுபடி பன்னிரண்டு வோல்ட்டை அளக்க ஆரம்பித்தார்.

பதினோராம் நாள் காலையில் சோதனைக்கூடத்து வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஆறு வண்டிகள். தங்கை நல்ல சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள். தேறினால் அங்கிருந்தே காரில் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. தேறாவிட்டால் என்ன என்று யாரும் பேசவில்லை. கதவோரம் நிழலில், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளை சுவிட்சைப் போட்டார். மூடிகள் எழுந்தன. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். கால்வாசி வந்து நின்றன. மறுபடி. கண்ணடித்தது. மறுபடி. ஒன்றுமே இல்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பதினாறு வருடத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் காருக்கு முன்னால் போய், என்ஜின் மூடியைத் தூக்கி, கீறலைத் துணியால் துடைக்கிற சாக்கில் குனிந்து நின்றேன்.

குனிந்த கண்ணுக்கு நேராக, இடப்பக்க விளக்குக்குக் கீழே, ஒரு போல்ட் இருந்தது. அதில் இரண்டு கறுப்பு ஒயர்கள், மோட்டாருக்கு ஒன்றாக. ஒயரின் வளையத்தைச் சுற்றிப் பளபளவென்று கரும்பச்சை. வளையத்துக்கு அடியிலும் கரும்பச்சை. ஏழு பூச்சு.



பெயின்ட் அடிக்கும்போது எர்த்து போல்ட் வருகிற இடத்தில் காசளவுக்கு டேப் ஒட்டி மறைக்க வேண்டும். இரும்பு வெறுமையாக இருந்தால்தான் கரண்ட் திரும்பும். இது எனக்குத் தெரியாதா? எந்தக் காருக்கு நான் ஒட்டாமல் விட்டேன்? ஆனால் அந்த நாள் எனக்கு அப்போது அட்சரம் பிசகாமல் நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கதவு ரப்பரைக் கழற்றிட்டீங்களா? நம்பர் பலகையை எடுத்துட்டீங்களா? பெயின்ட்டை வடிகட்டிட்டீங்களா? எனக்கு எரிந்துகொண்டு வந்தது. கையில் ஸ்பிரே கன். அப்போதுதான் கேட்டார்: "மச்சான், விளக்குக்குக் கீழே எர்த்து போல்ட் இடம் இருக்கே, டேப் ஒட்டிட்டீங்களா?"

"ஒட்டியாச்சு, ஒட்டியாச்சு!" என்று கத்தினேன்.

ஒட்டவில்லை. இதோ ஒட்டிவிடலாம் என்று இருந்தேன். மறந்தேன்.

போல்ட்டின் மரை மட்டும் எங்கேயோ கொஞ்சம் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் ஒரு நேரம் திறந்தது, ஒரு நேரம் கண்ணடித்தது. மீட்டரின் கறுப்பு முனையை அவர் பேட்டரியிலேயே மாட்டி அளந்ததால் போகிற வழி மட்டும்தான் தெரிந்தது. திரும்புகிற வழி அடைத்திருப்பதை அது காட்டவே இல்லை. பதினோரு நாள் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

முன்னால் இன்னும் இரண்டு வண்டிகள்தான் இருந்தன. யாருக்கும் தெரியாமல் நானே சுரண்டி விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. மறைக்கவில்லை, தோன்றத்தான் செய்தது. ஆனால் பையிலிருந்த கத்தியை எடுப்பதற்குள் அவர் இறங்கி வந்து பக்கத்தில் நின்றுவிட்டார்.

"மாப்ள," என்றேன். "இந்த போல்ட்டைக் கழட்டிப் பாத்தீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

என்னைப் புரியாதவர் போல் பார்த்தார். "நீங்கதான் டேப் ஒட்டியாச்சுன்னு சொன்னீங்களே."

அவ்வளவுதான் சொன்னார். மணியை நம்பாதவர், மழையை நம்பாதவர், பெண்டாட்டி போட்ட உப்பை நம்பாதவர். காரில் இருந்த ஒவ்வொரு ஒயரையும் பத்துத் தடவை சோதித்தவர், இந்த ஒரு போல்ட்டை மட்டும் தொடவில்லை. தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் அவர் ஏன் வந்ததில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெயின்ட் வாடையாம்! எத்தனை வருடம் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் நான்.

"ஒட்டலை மாப்ள. ஒட்டுனேன்னு சும்மா சொன்னேன்."

அவர் ஸ்பானரை எடுத்து என் கையில் கொடுத்தார். போல்ட்டைக் கழற்றினேன். கத்தியால் என் ஏழு பூச்சையும் நானே சுரண்டினேன். அவசரத்தில் கத்தி வழுக்கி, காசளவு சுரண்ட வேண்டிய இடத்தில் உள்ளங்கையளவு போய்விட்டது. போகட்டும். இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் ஒயரை வைத்து இறுக்கினேன்.

சுவிட்சைப் போட்டார். இரண்டு மூடியும் ஒரே நேரத்தில், சத்தமில்லாமல், முழுசாக எழுந்தன. அணைத்தார். போட்டார். இன்ஸ்பெக்டர் அம்மா ஆறு தடவை போட்டு அணைக்கச் சொன்னார். ஆறு தடவையும் திறந்தது. அட்டையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "என்னங்க பண்ணீங்க?" என்று கேட்டார்.

"ஒரு சின்ன எர்த்துப் பிரச்சினை" என்றார் மாப்பிள்ளை. என் பக்கம் திரும்பவில்லை.

தங்கை முன்சீட்டில் உட்கார்ந்தாள். இடப்பக்கத்து ஜன்னலை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். நான் பின்சீட்டில். வழியெல்லாம் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். அவர் நடுநடுவே சிரித்தார். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தார். நான் நகத்தில் ஒட்டியிருந்த கரும்பச்சைத் துகளைச் சுரண்டிக்கொண்டே வந்தேன்.

அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை. தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு, கணக்குத் தீர்ந்தது என்று இருந்திருப்பேன்.

அடுத்த வாரம் ஒரு வேன் பெயின்டுக்கு வந்தது. ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்தேன். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"மச்சான், எர்த்து போல்ட்டுக்கு டேப் ஒட்டிட்டீங்களா?"

"ஒட்டிட்டேன் மாப்ள." ஒட்டித்தான் இருந்தேன். இரண்டு அடுக்கு.

"சரி" என்றார். அப்புறம் செருப்புச் சத்தம் கேட்டது. பதினாறு வருடத்தில் முதல் தடவையாகத் தார்ப்பாய் விலகியது. உள்ளே வந்து, குனிந்து, டேப்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.